அமுக்கினால் எழ வேண்டும்

மெத்தை, திண்டு மற்றும் இதர மிருதுப் பொருள்கள் தரப் பரிசோதனை நிலையம் ஒரு பொறுப்பு மிக்க அலுவலகம். ஆஸ்பத்திரிக் கட்டில், விடுதி அறை, பேருந்து இருக்கை என்று பொதுமக்கள் எங்கெல்லாம் தங்கள் உடம்பைச் சாய்க்கிறார்களோ, அங்கெல்லாம் அடியில் கிடக்கும் நுரைப்பஞ்சு இந்த நிலையத்தின் நீல முத்திரையைப் பெற்றிருக்க வேண்டும். பதினெட்டுப் பேர் அங்கே பணியில் இருந்தார்கள். வேலையில் ஒருவர் இருந்தார்.

அந்த ஒருவரை எல்லோரும் எடைக்கல் அக்கா என்பார்கள். பதினோரு வருடமாகத் தற்காலிகப் பணியாளர். ஆறு மாதத்துக்கு ஒருமுறை வேலையிலிருந்து நிறுத்தி, மறுநாள் காலை மறுபடி சேர்த்துக்கொள்வார்கள். அந்த நிலையத்தில் தற்காலிகப் பணியாளருக்கு நாற்காலி கிடையாது. நாற்காலி என்பது நிரந்தர ஆணையோடு, வரிசை எண் போட்டு வருவது. ஆகவே அடுத்தவர் உட்காரப்போகும் அத்தனை பஞ்சையும் அக்கா பதினோரு வருடமாக நின்றுகொண்டே பரிசோதித்தாள்.

மெத்தையின் மூலையில் உள்ளங்கை அகலத்துக்கு ஒரு துண்டு வெட்டுவாள். தடிமனை அளப்பாள். இரண்டு இரும்புத் தகடுகளுக்கு நடுவில் வைத்துப் பாதியாக அமுக்கித் திருகாணியை முடுக்குவாள். சூட்டுப் பெட்டியில் ஒரு நாள் வைத்திருந்து, விடுவித்து, அரை மணி நேரம் ஆறப் போட்டு மறுபடி அளப்பாள். பழைய தடிமனுக்குத் திரும்பினால் நல்ல பஞ்சு. அமுங்கியே கிடந்தால் சிவப்பு மையில் ‘தகுதியற்றது’. முழு மெத்தை என்றால் இருபது கிலோ இரும்புக் கல்லை ஒவ்வொன்றாகத் தூக்கி அதன் மேல் அடுக்க வேண்டும். ஒரு நாளைக்கு எப்படியும் நூறு தடவை தூக்குவாள். பெயர் சும்மா வரவில்லை.

இந்த வருடம் அவளுடைய நிரந்தர ஆணை தயாராகிவிட்டது. இயக்குநர் கையெழுத்து ஒன்றுதான் பாக்கி. மாதக் கடைசிக்குள் போட்டால் உண்டு. இல்லாவிட்டால் அந்தக் கோப்பு காலாவதியாகி, பன்னிரண்டாவது வருடத்தையும் அவள் நின்றுகொண்டே ஆரம்பிக்க வேண்டும். அந்த நேரம் பார்த்துத்தான் இயக்குநர் மலைமேல் ஒரு விடுதியில் மூன்று நாள் பயிற்சிக்குப் போய்வந்தார்.

பயிற்சியின் தலைப்பு ‘மீண்டெழும் திறன்’. இப்போது எந்த அலுவலகத்தில் தடுக்கி விழுந்தாலும் அதன் மேல்தான் விழ வேண்டியிருக்கிறது. பயிற்சியாளர் ஆளுக்கொரு பஞ்சு உருண்டையைக் கொடுத்து, “அமுக்குங்க, விடுங்க” என்றாராம். விட்டதும் அது எழுந்ததாம். இயக்குநர் கண் கலங்கிவிட்டாராம். பஞ்சு நிலையத்துக்கு ஆறு வருடமாகத் தலைமை தாங்குபவர், பஞ்சை அமுக்கிப் பார்த்தது அன்றுதான்.

திரும்பி வந்த அன்றே சுற்றறிக்கை வந்துவிட்டது.

‘அழுத்தத்தால் அமுங்கினும், அழுத்தம் நீங்கியவுடன் முன்னிருந்த உருவை எய்துவதே சிறந்த பொருளின் இலக்கணம். பொருளுக்குப் பொருந்துவது பணியாளருக்கும் பொருந்தும் என்று கருத இடமுள்ளது. ஆகவே பணியாளர் அனைவரும் நாள்தோறும் காலை ஒன்பதரைக்கும் மாலை ஐந்தரைக்கும் உயரம் அளக்கப்படுவர். மாலை உயரம் இரண்டு மில்லிமீட்டருக்கு மேல் குறைவோர் மீண்டெழும் திறனற்றவராகக் கருதப்படுவர். பணி நிரந்தரம், பதவி உயர்வு ஆகியவற்றுக்கு மூன்று நாள் தொடர்ச் சான்று கட்டாயம்.’

அளக்கும் பொறுப்பு கண்காணிப்பாளரிடம் ஒப்படைக்கப்பட்டது. அவருக்கு அலுவலகத்தில் வழங்கிய பெயர் அசையாச் சொத்து. அவர் நாற்காலியை விட்டு எழுந்ததை நேரில் பார்த்தவர்கள் பலர் ஓய்வு பெற்றுவிட்டார்கள். சுவரோரம் ஓர் அளவுகோலை நட்டு, தலைமேல் இறங்கும் பலகை ஒன்றைப் பொருத்தி, பக்கத்தில் தம் நாற்காலியைப் போடச் சொன்னார்.

முதல் நாள் முடிவு நிலையத்தையே உலுக்கிவிட்டது. எல்லோரும் குறைந்திருந்தார்கள். எழுத்தர் நாலு மில்லி. காவலாளி ஆறு. அசையாச் சொத்து ஒன்றே ஒன்று. எடைக்கல் அக்கா ஒன்பது. இயக்குநரின் அளவு மட்டும் அவர் அறையில், கதவைச் சாத்திக்கொண்டு எடுக்கப்பட்டது. அவர் இரண்டு மில்லி வளர்ந்திருந்தார்.

அக்கா நேராக இயக்குநர் அறைக்குப் போனாள்.

“சார், இதுல தப்பு யார் மேலயும் இல்ல. முதுகெலும்புல ஒவ்வொரு கட்டைக்கும் நடுவுல ஒரு மெத்தை இருக்கு. நம்ம பஞ்சு மாதிரிதான். பூரா துளை, துளை பூரா தண்ணி. பாரம் ஏற ஏற அந்தத் தண்ணி கசிஞ்சு வெளியே போயிடும். ராத்திரி படுத்தா திரும்ப ஊறிக்கும். காலைல பழைய உயரம் வந்துடும்.”

“தண்ணி வெளியே போகுதா?”

“ஆமா சார்.”

“அலுவலக நேரத்துலயா?”

“அலுவலக நேரத்துலதான் சார் போகும்.”

“யார்கிட்ட கேட்டுட்டுப் போகுது?”

அக்கா கையில் இருந்த பஞ்சுத் துண்டை அமுக்கிக் காட்டினாள்.

“பாருங்கம்மா. எனக்குப் போகல. கண்காணிப்பாளருக்குப் போகல. உங்களுக்கு மட்டும் ஒன்பது மில்லி போகுதுன்னா, உங்க உடம்புல கட்டுப்பாடு இல்லன்னு அர்த்தம்.”

“நான் கல்லு தூக்கறேன் சார்.”

“அது உங்க பழக்கம். அதுக்கு நிலையம் என்ன பண்ணும்?”

அக்கா வெளியே வந்தாள். எழுத்தர் பின்னாலேயே வந்து, தண்ணீர் அனுமதியின்றி வெளியேறியதற்கு விளக்கம் கேட்கும் குறிப்பாணையைக் கொடுத்துவிட்டுப் போனார். (இதைப் படித்துக்கொண்டிருக்கும் நீங்களும் காலையில் எழுந்த உயரத்தில் இப்போது இல்லை. விளக்கத்தை மூன்று நாளுக்குள் எழுதி வைத்துக்கொள்வது நல்லது.)

அக்கா சொன்ன விளக்கம் கதவிடுக்கு வழியாக எப்படியோ கசிந்துவிட்டது. மறுநாள் மதியம் எழுத்தர், பரிசோதனைக்கு வந்திருந்த ஆஸ்பத்திரி மெத்தை ஒன்றை உருட்டிப் போட்டு அதில் நீட்டிப் படுத்தார். மாலையில் அளந்தால் குறைவு ஒரு மில்லிதான். அதற்கடுத்த நாள் ஆளுக்கு நாலாக எழுபது மெத்தைகள் தாழ்வாரம் முழுக்க விரிந்தன. பிரிவு வாரியாகப் படுத்தார்கள். கோப்புகளை மார்பின் மேல் வைத்துக் கையெழுத்திட்டார்கள். மனு கொடுக்க வந்தவர்கள் செருப்பைக் கழற்றிவிட்டு, குனிந்து, காதருகே ரகசியம் மாதிரிக் குறையைச் சொன்னார்கள். “நாளைக்கு வாங்க” என்ற பதில் மட்டும் பழையபடி நிமிர்ந்தே வந்தது.

அக்காவால் படுக்க முடியவில்லை. அவள் படுத்தால் கல்லை யார் தூக்குவது?

வீட்டில் அவள் கணவர் வண்டி இருக்கைகளுக்கு உறை தைப்பவர். கத்தரிக்கோலைக் கீழே வைக்காமலே எல்லாவற்றையும் கேட்டார்.

“ஏங்க, பதினோரு வருஷம் ஒன்பது மில்லியில போயிடும் போலிருக்கு.”

“ஒன்பது மில்லி தானே? ஒரு சீட்டுல நான் அதைவிட அதிகம் மறைப்பேன்.” கையில் இருந்த பஞ்சைத் திருப்பிக் காட்டினார். “வெறும் மெத்துப் பஞ்சு போட்டா ஆறு மாசத்துல படுத்துடும். அடியில கட்டிப் பஞ்சு, நடுவுல துணி ஒட்டணும், மேல மெத்துப் பஞ்சு. மூணும் சேர்ந்தா ஒண்ணை ஒண்ணு தாங்கும். உன் கொண்டைக்குள்ள அப்படி ஒண்ணு வெச்சுத் தைச்சுத் தரேன்.”

“கண்டுபிடிச்சுட்டாங்கன்னா?”

“யாரு? அந்த அசையாச் சொத்தா? அவரு கண்ணையே அசைக்க மாட்டாரே!”

திட்டத்தில் குறையில்லை. பஞ்சில்தான் குறை. மேலடுக்குக்கு அவர் கைக்குக் கிடைத்தது, அமுக்கினால் உடனே எழாமல் ஆற அமர எழும் ரகம். மாலை ஐந்தரைக்கு அக்கா உச்சந்தலையில் கொண்டையோடு அளவுகோலடியில் நின்றாள். பலகை இறங்கி அமுக்கியது.

“நூற்று ஐம்பத்தாறு. குறைவில்லை” என்று அசையாச் சொத்து அறிவித்தார். எழுதக் குனிந்தார். நிமிர்ந்து பார்த்தபோது பலகை நூற்று ஐம்பத்தேழில் இருந்தது.

“அக்கா, அசையாம நில்லுங்க.”

“அசையலியே சார்.”

பலகை மெல்ல ஏறிக்கொண்டிருந்தது. ஐம்பத்தேழரை. ஐம்பத்தெட்டு. தாழ்வாரத்தில் படுத்திருந்தவர்கள் ஒவ்வொருவராகத் தலையைத் தூக்கினார்கள். அக்கா மூச்சைப் பிடித்துக்கொண்டு கண்ணை மூடிக்கொண்டாள். மூச்சைப் பிடித்தால் பஞ்சு நிற்குமா? ஐம்பத்தொன்பதைத் தாண்டியபோது அசையாச் சொத்து நாற்காலியை விட்டு எழுந்தார். அதுவே தனிச் செய்தியாகிவிட்டது.

தற்காலிகப் பணியாளர் முன் அனுமதியின்றி மூன்று சென்டிமீட்டர் வளர்ந்தது குறித்து இரண்டாவது குறிப்பாணை வந்தது. அன்றைய அளவு செல்லாது என்று தள்ளப்பட்டது. மாதக் கடைசிக்கு இன்னும் ஆறு நாள்தான் இருந்தது.

இதற்குள் வேறொரு நெருக்கடி முளைத்தது. வந்த மெத்தை எல்லாம் பரிசோதனையில் தோற்றன. ஒன்றுகூட எழவில்லை. மெத்தை செய்யும் ஆலைக்காரர்கள் கும்பலாக வந்து, படுத்திருந்த வரவேற்பாளரைச் சுற்றி நின்று கத்தினார்கள். இயக்குநர் அக்காவைக் கூப்பிட்டு அனுப்பினார்.

“ஏம்மா, எல்லாப் பஞ்சும் ஒரே நேரத்துல எப்படிக் கெடும்?”

“சார், நம்ம ஆளுங்க பகல் பூரா அது மேலயே படுத்துக் கிடக்கறாங்க. துளைச் சுவர் எல்லாம் நொறுங்கிப் போச்சு. அதுக்கப்புறம் அதை எடுத்து நான் அமுக்கினா எங்க எழும்?”

ஒரு பெரிய உண்மையின் வாசலில் நிற்பவர் முகம் போல இயக்குநர் முகம் பிரகாசித்தது.

“அப்ப மெத்தை கெடறதுக்குக் காரணம் அமுக்கறதுதான்!”

“ஆமா சார்.”

“பரிசோதனைங்கற பேர்ல நீங்க என்ன பண்றீங்க?”

“அமுக்கறேன் சார்.”

“பதினோரு வருஷமா!”

மறுநாள் இரண்டாவது சுற்றறிக்கை வந்தது. இனி எந்த மெத்தையும் அமுக்கப்படாமல், தூரத்தில் நின்று, மரியாதையான பார்வையால் பரிசோதிக்கப்படும். அன்று பிற்பகலுக்குள் முந்நூறு மெத்தைகள் நீல முத்திரை பெற்று ஆஸ்பத்திரிகளுக்குக் கிளம்பின. வரலாற்றிலேயே முதல் முறையாகத் தோல்வி விகிதம் பூஜ்யம். ஆலைக்காரர்கள் இயக்குநருக்கு மாலை போட்டார்கள். அவர் படுத்தபடியே ஏற்றுக்கொண்டார்.

அக்கா அந்த லாரிகளைப் பார்த்துக்கொண்டே நின்றாள். அதில் பாதிப் பஞ்சு இரண்டே மாதத்தில் தட்டையாகும் என்று அவள் கட்டைவிரலுக்குத் தெரியும். யாரோ நோயாளி இரும்புக் கம்பி முதுகில் உறுத்தப் புரண்டு புரண்டு படுக்கப்போகிறார் என்பதும் தெரியும். மனசு கேட்கவில்லைதான். ஆனால் இனித் தூக்குவதற்குக் கல் இல்லை, முடுக்குவதற்குத் திருகாணி இல்லை, மாதக் கடைசிக்கு நாலே நாள். தாழ்வாரத்துக் கோடியில் ஒரு மெத்தை காலியாகக் கிடந்தது. அக்கா போய்ப் படுத்தாள்.

படுத்ததும் முதுகிலிருந்து ஏதோ ஒன்று மெல்ல அவிழ்ந்தது. இத்தனை வருடம் இது இப்படி இருக்கும் என்று யாரும் சொல்லவில்லையே என்று அவளுக்குக் கோபம் கோபமாக வந்தது. கோபம் முடிவதற்குள் தூங்கிப்போனாள்.

முதல் நாள் குறைவு ஒரு மில்லி. இரண்டாம் நாள் அரை. மூன்றாம் நாள் பூஜ்யம். இயக்குநர் கையெழுத்திட்டு, “பார்த்தீங்களா, மனசு வெச்சா தண்ணி உள்ளேயே நிக்கும்” என்று பாராட்டினார். நாற்காலியும் வந்தது. வீட்டில் கணவர் அதைக் கொண்டாடும் விதமாக அன்று இரண்டு சீட்டுத் தையலை ஒத்திப்போட்டார்.

நிரந்தரப் பணியாளர் எல்லோரும் படுத்துவிட்டதால் மெத்தைகளை லாரியிலிருந்து இறக்கவும் முத்திரை குத்தவும் ஆள் இல்லாமல் போனது. ஆகவே தற்காலிகமாக ஒரு பெண்ணை எடுத்தார்கள். ஒல்லியான உடம்பு, எதைச் சொன்னாலும் சிரிக்கிற முகம். அசையாச் சொத்து படுக்கைக்கு மாறிவிட்டபடியால் அளக்கும் பொறுப்பு அனுபவம் மிக்க எடைக்கல் அக்காவுக்கு வந்தது.

முதல் நாள் அந்தப் பெண் எண்பது மெத்தை சுமந்தாள். மாலை அளவுகோலடியில் வந்து நின்றாள். அக்கா நாற்காலியில் இருந்தபடியே பலகையை இறக்கினாள்.

“எட்டு மில்லி குறையுதும்மா.”

“அக்கா, கொஞ்ச நேரம் படுத்துட்டு வந்து நிக்கட்டுமா? பஞ்சுக்கே அரை மணி நேரம் விட்டுத்தான் அளப்பீங்கன்னு காவலாளி அண்ணன் சொன்னாரு.”

அந்தப் பெண் சொல்வது சரி என்று அந்தக் கட்டிடத்திலேயே அக்காவுக்குத்தான் நன்றாகத் தெரியும். கடிகாரத்தைப் பார்த்தாள். ஐந்து நாற்பதுக்குப் பேருந்து.

“பஞ்சுக்கு விதி இருக்கும்மா. உனக்கு இன்னும் வரல.”

சிவப்பு மையைத் தொட்டு ‘தகுதியற்றது’ என்று எழுதி, தேதியிட்டு, பேனாவை மூடினாள். போகும்போது வழக்கப்படி தன்னையும் ஒருமுறை அளந்துகொண்டாள். காலையில் இருந்ததற்கு ஒரு மயிரிழைகூடக் குறையவில்லை.