கண்மணி இறந்ததும் கரம்பொன்னில் துடக்குக் காத்ததும்

ஊர்காவற்றுறைத் தீவின் உப்புக்காற்றை உண்டு வளர்ந்த உரவோன், கரம்பொன் ஈன்ற கற்பனைக் களிறு, ஒரு பெயர்ச்சொல்லின் முன் ஐந்து அடைமொழிகளை அணிவகுத்து நிறுத்தி அவற்றில் ஒன்றையேனும் களத்தில் இழக்கச் சம்மதியாத கோமான், காலையில் வங்கி எழுதுவினைஞனாகவும் பிற்பகலில் நாவலாசிரியனாகவும் இரட்டைப் பிறவி எடுத்த ஆரூரன் நீடு வாழ்க! அவன் விரல்கள் வாழ்க! அவ்விரல்களால் அறைபட்டு அறைபட்டு எழுத்தழிந்துபோன விசைப்பலகையும் வாழ்க! கலைகளின் தலைவியே, உன் வெண்தாமரையில் சற்றே நகர்ந்து இருந்து எனக்கும் கொஞ்சம் இடம் தா. தான் படைத்த பெண்ணைத் தானே கொன்று, அதன்பொருட்டுத் தன் வீட்டுக் குசினியை இழந்தவனின் போர்க்கதையை நான் பாடியாக வேண்டும்.

இரண்டு ஆண்டுகளாக அவன் எழுதிவந்த நாவலில் கண்மணி என்றொரு தையற்காரி இருந்தாள். முதல் வரைவில் அவள் கதாநாயகனின் சட்டைக்கு ஒரு பொத்தான் தைத்துக் கொடுத்துவிட்டு அதே பந்தியின் கடைசி வரியோடு மறைந்திருக்க வேண்டியவள். மறையவில்லை. அளவுநாடாவை அரவமாலையெனக் கழுத்திலணிந்து, கத்தரிக்கோலைக் கைவேலென ஏந்தி, ஊர் விதானையாரையே “அளவெடுக்கேக்க வயித்தை உள்ளுக்கு இழுக்காதையும், பிறகு களுசான் பூராது” என்று அதட்டி, அத்தியாயம் அத்தியாயமாக நாடு பிடித்து, எட்டாவது அத்தியாயத்தில் முடியே சூடிவிட்டாள்.

பின்னர் திருத்தி எழுதும் பருவம் வந்தது. முதற்பக்கத்திலிருந்து வாசித்துவந்த ஆரூரன் திடுக்குற்றான். ஐயகோ, இந்நாவலில் ஒருவரும் சாகவில்லையே! சாவில்லாத நாவலைப் பெருங்கதையென்று எந்தச் சபை மதிக்கும்? உடனே, குறிதவறா வில்லாளன் அம்பறாத்தூணியைத் தடவுவதுபோல் நோய்களின் பெயர்களைத் தடவிப் பார்த்து, நெருப்புக்காய்ச்சலை உருவி எடுத்து, ஒன்பதாம் அத்தியாயத்தில் கண்மணியின்மேல் ஏவினான். அவள் இரண்டே பந்திகளில் மாண்டாள். தொடர்ந்து, கதாநாயகன் கடற்கரையில் நின்று பதினான்கு பக்கங்களுக்குப் புலம்பினான். கடல் அழுதது, கரை அழுதது, பனை அழுதது, பனையிலிருந்த காகமும், கொஞ்சம் பிந்தியென்றாலும், அழுதது. எழுதி முடித்த ஆரூரன் தன் தோளைத் தானே தட்டிக்கொண்டான்.

அந்நாவலுக்கு அதுவரை உலகில் ஒரே வாசகி இருந்தாள்: அவன் மனைவி துஷாந்தி. ஒவ்வோர் அத்தியாயத்தையும் பின்னேரங்களில் மேசைக் கணினியின் முன் அமர்ந்து அவளே முதலில் வாசிப்பாள். அன்றும் வாசித்தாள். எழும்பிப் போனாள். குசினிக்குள் அடுப்பில் நீரூற்றி நூர்க்கும் ஓசை கேட்டது. அது போர்முரசென்று அப்பேதை மாவீரனுக்கு விளங்கவில்லை.

வங்கி விடுமுறையான மறுநாள் காலை, மோட்டார்சைக்கிளின் பின்னே மீன்பெட்டி கட்டிய கிறிஸ்ரி படலையில் நின்று கோர்ன் அடித்தான்.

“அக்கா, நல்ல விளைமீன் கிடக்கு!”

“வேண்டாம் கிறிஸ்ரி. எங்கட வீட்டில துடக்கு.”

செத்தவீட்டுத் தீட்டென்றதும் கிறிஸ்ரி தொப்பியைக் கழற்றி நெஞ்சோடு பிடித்தான். “ஐயோ, ஆரக்கா?”

“கண்மணி. இருபத்தாறு வயசுதான். நெருப்புக்காய்ச்சல்.”

திக்கெட்டும் ஓலை கொண்டோடும் தூதரும் வெட்க, கிறிஸ்ரியின் மோட்டார்சைக்கிள் அச்செய்தியை மீனோடு மீனாக ஒழுங்கை ஒழுங்கையாக விற்றுத் தீர்த்தது. நண்பகலில், இரண்டு ஒழுங்கை தள்ளியிருக்கும் சத்தியபாமா அக்கா, செத்தவீட்டில் உலை வைக்கமாட்டார்கள் என்ற முறையறிந்து, ஒரு சட்டி சோறும் சொதியும் சுமந்து வந்தாள். காலையிலிருந்து விசுக்கோத்தொன்றே கவசமாய்க் காலந்தள்ளிய ஆரூரன், முற்றுகையிடப்பட்ட கோட்டைக்குள் வந்துசேர்ந்த துணைப்படையைப் பார்ப்பதுபோல் அச்சட்டியைப் பார்த்தான்.

“ஆரடி பிள்ளை செத்தது? உங்கட பக்கமோ, அவையின்ர பக்கமோ?” என்றாள் சத்தியபாமா.

“இவரின்ர கதையில வாற கண்மணி, அக்கா. இவர்தான் சாகடிச்சவர்.”

ஆரூரன் நிமிர்ந்தான். இப்போது இவள் சிரிப்பாள், சட்டியை வைப்பாள், சமர் முடியும். ஆனால் சத்தியபாமா சிரிக்கவில்லை.

“விதானையாருக்குக் களுசான் தைச்சவளோ? நீ சொல்லிச் சொல்லிச் சிரிச்சியே, அவளையோ?” அவள் ஆரூரனை மேலுங்கீழும் பார்த்தாள். “உமக்கு அந்தப் பிள்ளை என்ன செய்தவள்?”

சட்டி வந்தவழியே திரும்பியது. சொதியின் மணம் மட்டும் தோற்றோடும் படையின் புழுதிபோல் முற்றத்தில் சற்றுநேரம் நின்றது.

வீறுகொண்டெழுந்த ஆரூரன் கணினியின் முன் அமர்ந்து தந்திரப்போர் தொடுத்தான். காய்ச்சலை நீக்கினான், கண்மணியைக் கொல்லாமல், கண்ணீர் மல்கக் கனடாவுக்கு விமானமேற்றினான். புலம்பலுக்குச் சேதமில்லை. சாவென்ற சொல்லிருந்த இடமெல்லாம் பயணமென்று மாற்றினால் போதும். காகம் முன்போலவே அழலாம். இச்சமாதான உடன்படிக்கையைத் துஷாந்தி நின்றபடியே வாசித்தாள்.

“என்ர ரெண்டு அக்காமாரும் கனடாவுக்குப் போனவைதானே. வருசப்பிறப்புக்குப் போனில முகத்தைக் காட்டுவினம். அவ்வளவுதான். துடக்கு துடக்குத்தான்.”

“துஷாந்தி, அவள் கதையில வாற ஆள். நீர் ஏன் இப்பிடி நிக்கிறீர்?”

அவள் கதிரையின் முதுகைப் பிடித்துக்கொண்டு நின்றாள்.

“நீங்கள் எழுதத் தொடங்கினாப் பிறகு பின்னேரத்தில என்னோட கதைக்கிறேல்லை. முன் வீட்டு வளவிலயும் ஆக்கள் இல்லை, பின் வீட்டிலயும் இல்லை. அவள் என்ன சொன்னவள், ஆரைப் பேசினவள் எண்டு வாசிச்சுத்தான் நான் சிரிச்சனான். அவளை எடுத்துப்போட்டு இந்தப் புலம்பலை வைச்சிருக்கிறியள். பதினாலு பக்கத்திலயும் தேடிப் பார்த்தனான். அதில அவள் ஒரு இடத்திலயும் இல்லை. நீங்கள்தான் நிண்டு அழகா அழுறியள்.”

எறிவேல் எத்தனையோ உண்டு. எதிர்த்த படைத்தலைவர் மார்பில் தைத்தவை உண்டு, கேடயத்தில் பட்டு முறிந்தவை உண்டு. இது கேடயமற்ற இடத்தில் இறங்கியது.  ஆரூரனின் அடைமொழிகள் அணி கலைந்தோடின.

அவன் திரும்பி அமர்ந்து, கண்மணியைக் கனடாவிலிருந்து காய்ச்சல்படுக்கைக்கே மீட்டழைத்தான். புலம்பலைத் திறந்தான். எழுதியவனுக்கு எதிரே எழுதியவை அணிதிரண்டு நின்றன. “எம்மைச் செதுக்க ஒரு மாதம் எடுத்தாயே” என்று நீண்ட வாக்கியங்கள் காலைக் கட்டிக்கொண்டன. “எம்போல் உவமை இனி உனக்கு வாய்க்குமோ” என்று கடலும் கரையும் கதறின. பெற்ற பிள்ளைகளைப் பலியிடப் புகுந்த பேரரசனென அவன் பெருமூச்செறிந்தான். விரல் அழிக்கும் விசைமேல் விழுந்தது. கடல் வீழ்ந்தது, கரை வீழ்ந்தது, பனை வேரோடு சாய்ந்தது. காகத்தை மட்டும் விட்டுவைக்கலாமோ என்று கை தயங்கியது. பின் அதுவும் பறந்தது. வெண்திரை வெறுங்களமாய்க் கிடந்தது; அதன் நடுவே, காய்ச்சல் விட்டு, கண்மணி எழுந்து உட்கார்ந்தாள்.

அந்தோ, அடுத்து அவள் என்ன செய்வாளென்று அவளைப் படைத்தவனுக்கே தெரியவில்லை. சாகடிக்கத் தெரிந்த அளவுக்கு வாழவிடத் தெரியாமல் விழித்த அவன், படைக்கலமின்றிப் பகைவர் கோட்டை வாயிலுக்குச் சென்றான்.

“துஷாந்தி... காய்ச்சல் விட்டு எழும்பினா அவள் முதல்ல என்ன செய்வாள்?”

குசினிக்குள்ளிருந்து பதில் வந்தது.

“தலைக்குத் தண்ணி வார்ப்பாள். பிறகு கடையைத் திறந்து, படுத்துக் கிடக்கேக்க வருத்தம் பார்க்க வராத ஆக்களின்ர உடுப்பெல்லாத்தையும் கடைசியில தைப்பாள்.”

“அப்ப கதாநாயகன்ர சட்டை?”

“அவன் பார்க்க வந்தவனோ?”

“இல்லை. கடற்கரையில நிண்டு புலம்பினவன்.”

“அவன்ர சட்டையும் கடைசியிலதான்.”

ஆரூரன் சிரித்தான். உள்ளேயிருந்தும் சிரிப்பு வந்தது. துடக்கு அக்கணமே நீங்கிற்று. துஷாந்தி ஒரு கதிரையைத் தூக்கிவந்து அவன் கதிரையோடு ஒட்டிப் போட்டாள். அவள் சொல்லச் சொல்ல அவன் எழுதினான். அவன் எழுத எழுத அவள் மறுத்தாள். மறுத்ததை அவன் வெட்ட, வெட்டியதை அவள் திரும்பக் கேட்க, ஒரே தேரில் இரு வீரர் ஏறி ஒரு கடிவாளத்துக்குச் சண்டையிட்டபடியே எதிரிகள் அனைவரையும் வென்றதுபோல், அடைமொழிகள் சிதற, உவமைகள் உருள, விதானையார் வயிற்றை இழுத்துக்கொண்டு ஓடி ஒளிய, பொழுதுபடுவதற்குள் புதிய ஒன்பதாம் அத்தியாயம் விண்ணதிர வெற்றிச்சங்கம் முழங்கி நிறைவெய்திய அந்தப் பொன்னான கணத்தில், கடைசி முற்றுப்புள்ளியை வைக்க ஆரூரன் தன் வலக்கைச் சுட்டுவிரலை வான்நோக்கி உயர்த்தினான்.

கறண்ட் போய்விட்டது, அவன் ஒன்றையும் சேவ் பண்ணியிருக்கவில்லை.