குழாயண்ணன் காட்டிய சனி

மதுரையில் சனி பகவானுக்குப் பயப்படாத ஆள் ஒரே ஒருவர்தான் இருந்தார். அவர் செல்லூர் குழாயண்ணன். அவர் பயப்படாதது மட்டுமில்லை, சனிதான் அவருக்குப் பயந்து சொன்ன நேரத்துக்குச் சொன்ன இடத்தில் வந்து நிற்கும் என்று நாங்கள் நம்பினோம்.

விசைத்தறி ரிப்பேர் அவர் தொழில். நிஜப் பெயர் என்ன என்று யாரும் கேட்டதில்லை. ஆள் உயரக் குழாய் ஒன்றை வாங்கி, மாதக்கணக்கில் தானே தேய்த்த கண்ணாடியை அதன் அடியில் பொருத்தி, டெலஸ்கோப் செய்து வைத்திருந்தார். அதைச் சைக்கிளின் குறுக்கே கட்டிக்கொண்டு அவர் சந்துக்குள் வந்தால் எருமைகள்கூட ஒதுங்கி நிற்கும். ஒருமுறை ஏட்டு ஒருவர் மறித்து, "என்னய்யா இது, பீரங்கியா?" என்று கேட்டாராம். "ஆமாங்கய்யா. ஆனா குண்டு வெளிய போகாது, வெளிச்சந்தான் உள்ள வரும்" என்று சொல்லி நடுரோட்டிலேயே குழாயை நிறுத்திவிட்டார். அன்று ஏட்டு நிலாவைப் பார்த்தார். போக்குவரத்தைக் குழாயண்ணன் பார்த்துக்கொண்டார்.

எண்பதாம் வருஷம் சித்திரையில் டீக்கடைச் சுவரில் அவர் எழுதி ஒட்டிய தாளைப் பார்த்தேன். 'சனிக்கிழமை இரவு ஏழரை மணிக்கு எங்கள் மாடியில் சனி தெரியும். யாரும் வரலாம். பொய் சொல்கிறவர்கள் வர வேண்டாம்.'

எனக்கு அப்போது முப்பத்தெட்டு வயது. ஜவுளிக் கடையில் பில் போடுகிறவன். நாலு பேர் கூடுகிற இடத்தில் கதவோரம் நிற்கிறவன். 'யாரும்' என்பதில் நானும் அடக்கமா என்று மூன்று தடவை படித்துப் பார்த்தேன்.

வீட்டில் சொன்னதும் மனைவிக்கு முகம் மாறிவிட்டது. "ஏழரை நடக்குதுன்னு வாராவாரம் எள்ளு விளக்குப் போட்டுக்கிட்டிருக்கேன். கோயில்லயே அவருக்கு நேரா நிக்கக் கூடாதும்பாக. நீங்க குழாய வச்சுக் கிட்டக்க இழுத்துப் பாக்கப் போறீகளாக்கும்?"

கடையில் வயிற்றுவலி என்று சொல்லிவிட்டுக் கிளம்பினேன். வழியில் அந்தத் தாளின் கடைசி வரி ஞாபகம் வந்து நிஜமாகவே வயிறு வலித்தது.

மாடியில் பத்துப் பேர் இருந்தார்கள். கீழே தறி ஓடிக்கொண்டிருந்ததில் குழாய் நடுங்கியது. அண்ணன் கைப்பிடிச் சுவரில் சாய்ந்து கீழே கத்தினார். "மாப்ள! தறிய நிப்பாட்டு! சனி ஆடுது!"

கீழேயிருந்து பதில் வந்தது. "அங்க ஆடுனா பரவால்லண்ணே. எந்தலையில ஏறி ஆடாமப் பாத்துக்கங்க!"

தறி நின்றது. புதிதாக வந்தவர்கள் கையில் ஆளுக்கொரு தாளும் பென்சிலும் திணித்தார் அண்ணன். "பாத்தத அப்படியே வரையணும். சரியா வரஞ்சாத்தான் வானம் பாக்குற நம்ம சங்கத்துல சேத்துக்குவேன்" என்றார். நான் எஸ்.எஸ்.எல்.சி.யோடு நின்றவன். பரீட்சை இன்னும் என்னை விடவில்லை என்று அப்போதுதான் தெரிந்தது.

கோயில் பழக்கத்தில் எல்லோரும் சனி நின்ற கிழக்குக்கு நேராக நிற்காமல் ஒருக்களித்தே வரிசையில் நின்றோம். முதலில் ஒரு கணக்கு வாத்தியார் முக்காலியில் ஏறினார். கண் இமைக்கிற நேரம்தான் குனிந்திருப்பார், உடனே கன்னத்தில் போட்டுக்கொண்டு இறங்கிவிட்டார்.

"சார், நீங்க அதப் பாத்தீகளா, அது உங்களப் பாத்துச்சா?" என்று கேட்டார் அண்ணன்.

"ரெண்டுந்தான் ஆச்சு" என்று சொல்லிவிட்டு, நிழலெல்லாம் கொடுத்து ஜோராக ஒரு வளையம் வரைய ஆரம்பித்தார்.

என் முறை வந்தது. கண்ணை இறுக மூடிக்கொண்டு குனிந்தேன்.

"கண்ணத் தொறங்கண்ணே. அது எம்பது கோடி மைலுக்கு அங்கிட்டுக் கெடக்கு. உங்க வீட்டு அட்ரஸ் அதுக்குத் தெரியாது."

திறந்தேன். உளுந்து அளவில் மங்கலான மஞ்சள் வட்டம் ஒன்று தெரிந்தது. அவ்வளவுதான். மூச்சைப் பிடித்துக்கொண்டு திரும்பத் திரும்பப் பார்த்தேன். வளையம் இல்லை. என் கண்ணில் கோளாறா, அல்லது ஏழரை நடக்கிறவனுக்கு மட்டும் அவர் வளையத்தைக் காட்ட மாட்டாரா? இறங்கி வந்து, வெறும் வட்டம் ஒன்று போட்டேன்.

வாத்தியார் எட்டிப் பார்த்தார். "என்ன சார், வளையத்த விட்டுட்டீக? அஞ்சாங்கிளாஸ் பயலுக்குக்கூடத் தெரியுமே!"

சுற்றிலும் பார்த்தேன். எல்லார் தாளிலும் வளையம் இருந்தது. அதற்குள் அண்ணன், கண் கூசாமலிருக்கச் சிவப்புக் காகிதம் சுற்றிய டார்ச்சோடு என் முன்னால் வந்து நின்றார்.

"வளையம் எங்கண்ணே?"

"தெரியலண்ணே."

"இம்புட்டுப் பேருக்குத் தெரிஞ்சிருக்கே. ரெண்டு கோடுதான? இழுத்து விட்டுருங்க."

பென்சில் முனை தாளைத் தொட்டுவிட்டது. போட்டால் சங்கத்தில் ஒரு ஆளாகிவிடலாம், யாரும் சிரிக்க மாட்டார்கள். காதுமடலெல்லாம் சுட்டது.

"பாக்காததப் போட வரலண்ணே" என்று சொல்லிவிட்டு, செருப்பைத் தேடிப் படிப்பக்கம் நடந்தேன்.

பின்னாலிருந்து ஒரு கை தோளைப் பிடித்தது. அண்ணன் சிரித்த சிரிப்பில் தறிக்காரர் மேலே ஓடி வந்துவிட்டார்.

"அம்புட்டுப் பேரும் புஸ்தகத்துல பாத்தத வரஞ்சிருக்கீக! மேல அண்ணாந்து பாத்தது இந்த அண்ணன் ஒருத்தர்தான்!" முறுக்கு வைத்திருந்த தட்டைக் காலி செய்து எங்கள் முகத்துக்கு முன்னால் தூக்கிப் பிடித்தார். "சாச்சுப் பிடிச்சா வட்டம் தெரியும். கண்ணுக்கு நேராப் படுக்க வச்சா விளிம்புதான் தெரியும். தட்டு தாள் மாதிரி மெலிசா இருந்தா அதுவுந் தெரியாது. இந்த வருசம் வளையம் நமக்கு அப்படித்தான் நிக்குது."

"இத மொதல்லயே சொல்லியிருக்கலாமே?" என்றார் வாத்தியார்.

"சொல்லியிருந்தா அதையும் பாக்காமயே வரஞ்சிருப்பீக!"

வாத்தியார் மறுபடி முக்காலியில் ஏறினார். இந்தத் தடவை இறங்க வெகு நேரமாயிற்று.

அதற்குப் பிறகு எத்தனையோ சனிக்கிழமைகள் போனேன். கடை சாத்த எட்டு மணி ஆகிவிடும். ஓட்டமும் நடையுமாக நான் படியேறும்போது மாடியில் எல்லோரும் முணுமுணுத்துக்கொண்டு உட்கார்ந்திருப்பார்கள். குழாய் வாயில் மூடி அப்படியே இருக்கும். "அந்த அண்ணன் வரட்டும்" என்று குழாயண்ணன் சொல்லிவிடுவாராம்.

நான் வராவிட்டால் எங்கும் எதுவும் நிற்காது. எனக்காக வானத்தை மூடி வைத்துக் காத்திருந்தவர் அவர் ஒருவர்தான்.