செய்யாத வீட்டுப்பாடத்தின் நகல்

ஹாலோவே உயர்நிலைப் பள்ளியில் மதிப்பெண் என்பது மாணவருக்கு என்ன தெரியும் என்று காட்டுவதற்காக ஏற்பட்டதல்ல. அவர் எதையெல்லாம் ஒப்படைத்தார் என்று காட்டுவதற்காக ஏற்பட்டது. இந்த வேறுபாட்டைப் புரிந்துகொண்டவர்கள் சௌக்கியமாக இருந்தார்கள். ப்ரெஸ்டன் கீலர் என்ற பையன் வேதியியல் வகுப்புக்குப் பதினான்கு டிஷ்யூ பெட்டிகள் கொண்டுவந்து கொடுத்து, நூற்றுக்கு நூற்று நான்கு வாங்கினான். சளி பிடித்தவர்களுக்காகப் பெட்டி கொண்டுவந்தால் பெட்டிக்கு அரை மதிப்பெண் என்பது அந்த ஊர் வழக்கம். அவனுக்கு வேதியியலில் பிடிபட்டது ஜலதோஷம் மட்டும்தான் என்று சிலர் சொன்னார்கள். அது பொறாமை.

டெஸ்ஸா அன்ரூவுக்கு இந்த வேறுபாடு கடைசிவரை புரியவில்லை. பாடத்தை ஒருமுறை கேட்டால் அவளுக்குப் போதும். கேட்டதையே வீட்டில் உட்கார்ந்து நாற்பது கணக்காகப் போட்டுக் கொண்டுவா என்றால் கை வராது. பள்ளி விட்டதும் தீவனக் கடையின் கூரைமேல் ஏறிவிடுவாள். காற்று எந்தப் பக்கம் திரும்புகிறது, மேகம் எவ்வளவு நேரத்தில் கறுக்கிறது என்று அளந்து நோட்டில் குறிப்பாள். கான்சாஸில் வானத்தைப் பார்க்கத் தெரிந்தவர்களுக்கு வேலை உண்டு. வானிலை படிக்க வேண்டும், அதுவும் பிளின்ட்வுட் பல்கலைக்கழகத்தில் படிக்க வேண்டும் என்பதுதான் அவளுடைய ஒரே ஆசை. அது நடக்காவிட்டால் கூரையிலிருந்து இறங்கி அதே தீவனக் கடையில் மூட்டை எண்ண வேண்டியதுதான்; கடைக்காரர் இடமே ஒதுக்கி வைத்திருந்தார்.

நாடு முழுவதற்குமான தேர்வில் அவள் ஆயிரத்து அறுநூறுக்கு ஆயிரத்து ஐந்நூற்று எண்பது வாங்கினாள். பள்ளியில் அவளுடைய சராசரி நாலுக்கு இரண்டு புள்ளி ஒன்று. கல்லூரி ஆலோசகர் பிக்ஃபோர்ட் அவளையும் அவள் அம்மா மார்லீனையும் அவசரமாக வரச் சொன்னார். மனிதர் முகத்தில் ஈயாடவில்லை.

"இது பெரிய சிக்கல் மேடம்," என்றார். "ரெண்டும் கம்மியா இருந்தா, பாவம்னு ஒரு கடிதம் எழுதிடலாம். ரெண்டும் ஜாஸ்தின்னா கடிதமே வேண்டாம். பள்ளி மார்க் ஜாஸ்தி, தேர்வுல கம்மின்னா, உழைப்பாளி, தேர்வுன்னா பயம்னு எழுதுவேன். ஆனா இதுக்கு ஒரே ஒரு வார்த்தைதான் இருக்கு. அதை நான் பெத்தவங்க முன்னாடி சொல்லக் கூடாதுன்னு உத்தரவு."

"சோம்பேறியா? நான் தினம் சொல்றதுதான் சார்."

"நான் வேணும்னா மறுபடி தேர்வு எழுதி, கொஞ்சம் கம்மியா வாங்கட்டுமா?" என்றாள் டெஸ்ஸா.

பிக்ஃபோர்ட் அதைக் கேலியாக எடுத்துக்கொள்ளவில்லை. "நானும் யோசிச்சேன்மா. அந்தத் தேர்வுக்குப் பேர் குடுக்கிற தேதி போயிடுச்சு."

பிறகு அவர் கோப்பைத் திறந்து, பேனாவின் மூடியைக் கழற்றி, மிகுந்த அனுதாபத்துடன் விசாரணையைத் தொடங்கினார். பல்கலைக்கழகங்கள் இப்போதெல்லாம் வெறும் எண்களைப் பார்ப்பதில்லையாம். முழு மனிதரைப் பார்க்கின்றனவாம். முழு மனிதருக்கு ஒரு துயரம் இருக்க வேண்டும்.

"வீட்ல யாராவது தவறிட்டாங்களா?"

"இல்லைங்க. எங்க பெரியப்பா ஒருத்தர் இருக்காரு, எண்பத்தெட்டு வயசு," என்றாள் மார்லீன், தன்னால் ஆன உதவியாக.

பிக்ஃபோர்ட் நிமிர்ந்து உட்கார்ந்தார். "எப்படி இருக்காரு?"

"செவ்வாய்க்கிழமையானா பௌலிங் ஆடப் போயிடறாரு."

"விண்ணப்பத்துக்குக் கடைசி நாள் நவம்பர் முப்பது," என்று பிக்ஃபோர்ட் பெருமூச்சு விட்டார். "சரி, வேற ஏதாவது? தீ விபத்து, வெள்ளம்?"

"சூறாவளியில அப்பாவோட பட்டறைக் கூரை போச்சு," என்றாள் டெஸ்ஸா.

"ஆகா. எப்போ?"

"எனக்கு எட்டு வயசு அப்போ."

பேனா நின்றது. "நாலு வருஷத்துக்கு மேல ஆன துயரத்தை அவங்க எடுத்துக்கிறதில்லைம்மா."

கடைசியில் விளக்கப் படிவம் வந்தது. மதிப்பெண் குறைந்ததற்குக் காரணம்: நோய், மரணம், இடமாற்றம், வீடின்மை, பிற. டெஸ்ஸா 'பிற' என்பதில் குறியிட்டு, எதிரே எழுதினாள்: "தெரிந்ததையே திரும்ப எழுத மனம் வரவில்லை. அந்த நேரத்தில் வானத்தைப் பார்த்துக்கொண்டிருந்தேன்." மார்லீன் தலையில் அடித்துக்கொண்டாள். "ஏன்டி, ஒரு சின்ன வயித்துவலியாவது போடக் கூடாதா?"

பத்து நாளில் பிளின்ட்வுட்டிலிருந்து பதில் வந்தது. தங்கள் நேர்மையைப் பெரிதும் மதிக்கிறோம். தங்கள் கூற்றுக்கு ஆதாரமாக, தாங்கள் செய்யாத முந்நூற்றுப் பன்னிரண்டு வீட்டுப்பாடங்களின் நகல்களை உரிய ஆசிரியர்களின் கையொப்பத்துடன் இணைத்தனுப்பக் கோருகிறோம். டெஸ்ஸா அதை மூன்று தடவை படித்துவிட்டுச் சேர்க்கை அலுவலகத்துக்குத் தொலைபேசினாள். கிராண்டின் என்ற அம்மையார் பேசினார். குரலில் தேன் வழிந்தது.

"மேடம், செய்யாததுக்கு எப்படி நகல் அனுப்பறது?"

"அசல் வேண்டாம்மா. நகல் போதும்."

"நான் செய்யவே இல்லைங்க."

"புரியுதும்மா. செஞ்சிருந்தா நாங்க கேட்டிருக்கவே மாட்டோம்."

"வெறும் தாள்தான் இருக்கும்."

"அது எங்களுக்கு எப்படித் தெரியும், அனுப்பினாத்தானே தெரியும்?"

இதில் தப்புக் கண்டுபிடிக்க டெஸ்ஸாவால் முடியவில்லை. சாப்பாட்டு மேசையில் உட்கார்ந்து, ஒவ்வொரு வெற்றுத் தாளின் தலையிலும் பெயர், பாடம், வகுப்பு, தேதி என்று எழுத ஆரம்பித்தாள். ஒரே தாளை முந்நூற்றுப் பன்னிரண்டு பிரதி எடுத்துவிடலாம் என்று பார்த்தாள், மார்லீன் விடவில்லை. "எல்லாம் ஒரே மாதிரி இருந்தா காப்பியடிச்சதுன்னு சொல்லிடுவாங்கடி. சரித்திரத்தைச் செய்யாதது வேற, வேதியியலைச் செய்யாதது வேற." மூன்று வாரம் பிடித்தது. கூரைப் பக்கம் போகவே நேரமில்லை. அந்த மூன்று வாரமும் வானத்தில் என்ன நடந்தது என்பதற்கு அவள் நோட்டில் ஒரு வரிகூடக் கிடையாது. அவளுக்கு அழுகை அழுகையாக வந்தது, ஆனால் அழுதால் தாள் நனைந்துவிடும்.

கையொப்பம் வாங்கப் போன இடத்தில்தான் அது நடந்தது. பள்ளி நிர்வாகம் அந்த ஆண்டு மிகுந்த கருணையுடன் ஒரு விதி செய்திருந்தது: தாமதமாக ஒப்படைக்கப்படும் எந்த வீட்டுப்பாடத்துக்கும் பாதி மதிப்பெண்ணாவது தர வேண்டும், அது எந்த ஆண்டுப் பாடமானாலும் சரி. தாளில் ஏதாவது எழுதியிருக்க வேண்டும் என்று விதியில் இல்லை. வேதியியல் ஆசிரியர் தன் பாடத்துக்கான எண்பத்தேழு தாள்களையும் ஒவ்வொன்றாகப் புரட்டிப் பார்த்தார்.

"இதுல தப்பே இல்லையே," என்றார்.

"ஒண்ணுமே இல்லை சார்."

"அதைத்தான் சொல்றேன். ப்ரெஸ்டன் தாள்ல பக்கத்துக்கு நாலு தப்பு இருக்கும்." பாதி மதிப்பெண் போட்டு, சுத்தத்துக்கு இரண்டு சேர்த்தார்.

டெஸ்ஸாவின் சராசரி மூன்று புள்ளி இரண்டுக்கு ஏறியது. பிக்ஃபோர்ட் கண் கலங்கிவிட்டார். "மேல்நோக்கிய போக்கு, மேடம். துயரத்துக்கு அடுத்தபடியா அவங்களுக்குப் பிடிச்சது அதுதான்."

ஏப்ரலில் பிளின்ட்வுட்டிலிருந்து கடிதம் வந்தது. வானிலைத் துறையில் இடம். முந்நூற்றுப் பன்னிரண்டு பணிகளை மனம் தளராது முடித்த தங்கள் விடாமுயற்சி சேர்க்கைக் குழுவை நெகிழச் செய்தது என்று எழுதியிருந்தார்கள். தேர்வில் அவள் வாங்கிய ஆயிரத்து ஐந்நூற்று எண்பதைப் பற்றி ஒரு வார்த்தை இல்லை. அந்த ஆண்டிலிருந்து தேர்வைப் பார்ப்பதில்லை என்று முடிவெடுத்திருந்தார்களாம். ப்ரெஸ்டனுக்கு இடம் கிடைக்கவில்லை. மேல்நோக்கிப் போக அவனுக்கு வழியில்லை. அவன் அம்மா பள்ளிக்கு வந்து, தன் பிள்ளையின் நிரப்பிய தாள்களையெல்லாம் திருப்பிக் கேட்டுச் சத்தம் போட்டாள். மறு ஆண்டு ஹாலோவேயில் வெற்றுத் தாளைத் திருத்தமாக ஒப்படைக்கக் கற்றுத்தரும் பயிற்சி நிலையம் ஒன்று திறந்தது.

டெஸ்ஸா பிளின்ட்வுட்டில் வானிலை படிக்கப் போனாள். படிப்புச் செலவுக்காக அங்கே மாணவர்களுக்குப் பகுதிநேர வேலை தருவார்கள். கோப்புகளில் நல்ல அனுபவம் உள்ளவள் என்று அவளைச் சேர்க்கை அலுவலகத்தில், கிராண்டின் அம்மையாருக்கு எதிர் மேசையில் உட்கார வைத்தார்கள்.

இரண்டாம் ஆண்டு, ஒரு வியாழக்கிழமை மத்தியானம், நெப்ராஸ்காவிலிருந்து ஒரு பெண்ணின் விண்ணப்பம் வந்தது. சராசரி ஒன்று புள்ளி ஒன்பது. தேர்வை மறுபடி பார்க்க ஆரம்பித்திருந்தார்கள்; அதில் ஆயிரத்து ஐந்நூற்றுத் தொண்ணூறு. 'பிற' என்பதில் குறியிட்டு, "தேனீ வளர்த்துக்கொண்டிருந்தேன்" என்று எழுதியிருந்தாள். கூடவே தேனீக்களைப் பற்றி அறுபது பக்கம். டெஸ்ஸா அதை வாங்கியவள் கீழே வைக்கவே இல்லை. சாப்பிடக்கூடப் போகாமல் அறுபது பக்கத்தையும் படித்தாள். இவ்வளவு அருமையாக ஒரு பதினேழு வயதுப் பெண் எழுதி அவள் பார்த்ததில்லை.

கிராண்டின் அம்மையாரும் வாங்கிப் படித்தார். கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். அடுத்த மாதம் ஓய்வு பெறப்போகிறவர், மனசு இளகியிருந்தது.

"பாவம்டி இந்தப் பொண்ணு. வெத்துத் தாளெல்லாம் எதுக்கு? கேக்காம அப்படியே சேத்துக்கலாமா? நான் கையெழுத்துப் போட்டுடறேன்."

டெஸ்ஸா கோப்பை மெதுவாக அவர் கையிலிருந்து வாங்கிக்கொண்டாள்.

"அதெப்படி மேடம்?" என்றாள். "நான் எழுதலையா?"