நான் கண்டுபிடித்த கொலம்பைட்

படிப்பு முடித்த புதிதில் மனிதனுக்கு மூன்றாவதாக ஒரு கண் முளைக்கும். அதில் பார்வை மட்டும் இருக்காது. எனக்கு அது எழுபதுகளில், ஜியாலஜி பட்டத்தோடு சேர்ந்து முளைத்தது.

பாப்பிரெட்டிப்பட்டி பக்கம் கனிமம் தேடிய ஒரு முகாமில் நான் தற்காலிக உதவியாளன். மாதக் கடைசியோடு வேலை முடிகிறது. "உருப்படியா ஒண்ணு கண்டுபிடிய்யா, நிரந்தரத்துக்கு எழுதறேன்" என்று அதிகாரி சொல்லிவிட்டார். அன்றிலிருந்து எனக்குக் கொலம்பைட் ஜுரம். அந்தக் கனிமம் கன்னங்கரேலென்று இருக்கும், அளவுக்கு மீறிக் கனக்கும், நியோபியம், டாண்டலம் என்ற அரிய உலோகங்களை வயிற்றில் வைத்திருக்கும். பீங்கானில் தேய்த்தால் கரும்பழுப்புக் கோடு விழும்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை, நான் குடியிருந்த வீட்டின் சொந்தக்காரர் மேரியக்கா சர்ச் பூசைக்குப் போயிருந்தார். கை கழுவப் புழக்கடைக்குப் போனவன் சுவரோரம் பார்த்தேன். கறுப்புக் கல்! தூக்கினேன். என்ன கனம்! பீங்கான் துண்டில் தேய்த்தேன். பழுப்புக் கோடு! அந்த நிமிடத்தை நினைத்தால் இன்றைக்கும் எனக்கு உடம்பு சிலிர்க்கிறது. கல்லைத் தோள்துண்டில் சுற்றி, பச்சைக் குழந்தையைப் போல் அணைத்துக்கொண்டு முகாமுக்கு ஓடினேன். (கல்லை உடைத்து உள்பக்கத்தைத்தான் தேய்க்க வேண்டும் என்பது முதலாம் ஆண்டுப் பாடம். அன்று நான் வகுப்புக்கு மட்டம் போட்டிருப்பேன்.)

"சார்! கொலம்பைட்டு சார்!"

முகாமே கூடிவிட்டது. பீங்கானில் விழுந்த கோட்டைப் பார்த்த அதிகாரி நாற்காலியை விட்டே எழுந்துவிட்டார். என் நிரந்தர வேலையும் அவரோடு எழுந்து நின்றது. அவர் கோட்டை விரலால் தொட்டார். பிசுபிசுத்தது. பழைய ஜியாலஜிக்காரர்களுக்கு எதையும் நாக்கில் வைத்துப் பார்க்கும் பழக்கம் உண்டு. வைத்தார். ஒரு கண் தானாக மூடிக்கொண்டது.

"உப்புதான்யா குறையுது" என்றார்.

அதற்குள் பூசைக்குக் கட்டிய பட்டுச்சேலையோடு மேரியக்கா வந்து நின்றார்.

"ஏந்தம்பி, எங்கூட்டுப் புளி தட்டற கல்ல எதுக்குங்க தூக்கியாந்தீங்க? எங்க மாமியா காலத்துக் கல்லுங்க அது!"

அதிகாரி சுத்தியலால் ஓரத்தைத் தட்டினார். உள்ளே சாதாரணக் கருங்கல். மேலே இரண்டு தலைமுறைப் புளி.

மாதக் கடைசியில் வேலை போயிற்று. அழுதேன், மறைப்பானேன்! அப்புறம் அரூரில் மாமாவின் மண்டியில் போய் உட்கார்ந்தேன். (என்ன மண்டி என்று கேட்காதீர்கள். புளி மண்டிதான்.)

போன மாதம் மகன் எனக்குப் புது செல்போன் வாங்கி வந்தான். அதற்குள் டாண்டலம் இருக்கிறதாம். டப்பாவைப் பிரித்த மருமகளின் கையைப் பிடித்து நிறுத்தினாள் என் மனைவி.

"இரும்மா, இந்த வாட்டியாச்சும் உங்க மாமா மொதல்ல நக்கிப் பாக்கட்டும்."