கடைமடை மூன்றாம் மாடி

தஞ்சாவூர்,
செவ்வாய்க்கிழமை.

அன்பிற்குரிய மைத்துனர் வேம்பு அவர்களுக்கு,

அக்காள் வீட்டுக்காரன் முருகையன் எழுதிக்கொண்டது. இவ்விடம் நான் ஒருவன் மட்டும் சுகம். அவ்விடம் பேராவூரணியில் நீங்களும், பிள்ளைகளும், தென்னை மரங்களும், பதினோரு நாளாக அங்கேயே இருக்கும் உங்கள் அக்காள் செவ்வந்தியும் சுகமாக இருக்க வேண்டுகிறேன். போன் செய்தால் நீங்கள் எடுப்பதில்லை. அவள் என் நம்பரையே பிளாக் செய்துவிட்டாள் என்று எங்கள் மகன் பரிதி சென்னையிலிருந்து சொன்னான். ஆகவே தபாலில் எழுதுகிறேன். அவளைத் திருப்பி அனுப்பிவைக்க வேண்டும், அவ்வளவுதான் விஷயம். நடந்ததை நடந்தபடி சொல்கிறேன், நீங்களே நியாயம் சொல்லுங்கள்.

உங்கள் தோப்பில் அவள் பங்கை விற்ற பணத்தில்தான் இந்த மூன்றாம் மாடி வீட்டை வாங்கினோம். பத்திரம் அவள் பெயரில் இருந்தாலும் குடும்பத் தலைவன் என்ற முறையில் சங்கக் கூட்டங்களுக்கு நான்தான் போவேன். பன்னிரண்டு வீட்டுக்கு ஒரு சங்கம், அதற்கு பைலா என்று ஒரு விதிப் புத்தகம். தலைவர், தரைத்தளத்து வேதநாயகம் சார், ஓய்வுபெற்ற தலைமையாசிரியர். பொதுக்குழுவுக்கு எட்டு பேர் வேண்டும், வந்தது ஆறு பேர், கூட்டம் செல்லாது என்றார். அரை மணி நேரம் உட்கார்ந்திருந்தால் அதே ஆறு பேர் போதும், கூட்டம் செல்லும் என்றும் அவரே சொன்னார். பைலா அப்படியாம். அந்த அரை மணி நேரத்தில் நான் ஒரு டீ குடித்துவிட்டு வந்தேன். வந்து பார்த்தால் என்னைச் செயலாளராகத் தேர்ந்தெடுத்து முடித்திருந்தார்கள்.

முப்பத்துநாலு வருஷம் வாய்க்கால் மதகு திறந்து மூடிய லஸ்கர் நான் என்பது உங்களுக்குத் தெரியும். தலைமடைக்காரன் தண்ணீரை வளைத்துக்கொள்வான், கடைமடைக்காரன் வானத்தைப் பார்ப்பான், இதுதான் நான் கண்ட உலகம். ஆனால் இந்த அபார்ட்மென்டில் எல்லாம் தலைகீழ். தொட்டி இருப்பது மொட்டைமாடியில், அதற்கு நேர் கீழே நாங்கள். நியாயமாக நாங்கள்தான் தலைமடை. ஆனால் கீழ்வீட்டில் குழாய் திறந்தால் எங்கள் வீட்டில் காற்றுதான் வரும், ஆகக் கடைமடையும் நாங்களே. போர்வெல் தண்ணீரும் கோடையில் இறங்கிவிட்டது. எனவே மாடிக்கு ஒரு வால்வு என்று நான்கு வால்வுக்கும் சங்கிலி போட்டுப் பூட்டி, காலையில் மாடிக்கு முக்கால் மணி நேரம், சாயங்காலம் முக்கால் மணி நேரம் என்று முறை வைத்தேன். திறக்கும் முன் ஒரு விசில், மூடும் முன் ஒரு விசில். பொதுச் சொத்துக்குத் தீர்மானம் இல்லாமல் பூட்டுப் போடக் கூடாது என்று வேதநாயகம் சார் பைலாவைக் காட்டினார். ஆற்றில் தண்ணீர் பைலாவைக் கேட்டா வருகிறது என்று கேட்டேன். மறுநாள் அவருக்குப் பாதி ஷேவிங்கில் தண்ணீர் நின்றது. அது தற்செயல்.

செயலாளர் தன் வீட்டுக்கு முதலில் திறந்துகொண்டான் என்ற பேச்சு வரக் கூடாதென்று நம் மாடிக்குக் கடைசி முறை வைத்தேன். ஏழேகாலிலிருந்து எட்டு வரை. உங்கள் அப்பா வயலுக்கே நான் முறை தவறித் திறந்ததில்லை, அதற்காக அவர் இரண்டு வருஷம் என்னோடு பேசவில்லை, மறந்திருக்க மாட்டீர்கள். அந்த வெள்ளிக்கிழமை செவ்வந்தி எண்ணெய் தேய்த்து ஊறிக்கொண்டு, பக்கத்து வீட்டில் கதையும் பேசிவிட்டு, எட்டாக ஐந்து நிமிஷம் இருக்கும்போது குளிக்கப் போயிருக்கிறாள். எனக்கெப்படித் தெரியும், நான் மேலே இருக்கிறேன். மணி எட்டு, விசில் ஊதினேன், மூடினேன். பாத்ரூம் ஜன்னல் வழியாக அவள் கத்தினாள்.

“தலையெல்லாம் சீயக்காய்ங்க. கண்ணு எரியுது. ரெண்டு நிமிஷம் திறங்க.”

“முறை முடிஞ்சிருச்சு செவ்வந்தி. இனி சாயங்காலம்தான்.”

பன்னிரண்டு வீடும் கேட்டதாம். தலையில் துண்டைச் சுற்றிக்கொண்டு முதல் மாடி ஜாஸ்லின் வீட்டுக்குப் போய், அங்கே ஒளித்து வைத்திருந்த டிரம் தண்ணீரில் அலசிக்கொண்டு, அப்படியே பஸ் ஏறிவிட்டாள். என் முறைக்கு விரோதமாக எல்லா வீட்டிலும் டிரம் வைத்திருக்கிறார்கள் என்பதே எனக்கு அன்றைக்குத்தான் தெரிந்தது. நம் வீட்டில் மட்டும்தான் டிரம் இல்லை. நான்தான் வாங்கக் கூடாதென்று சொல்லியிருந்தேன். அவள் என்னைத் திட்டவும் இல்லை வேம்பு. நாலு வார்த்தை திட்டியிருந்தால் தேவலை. இப்போது நம் மாடிக்கு முக்கால் மணி நேரமும் தண்ணீர் வருகிறது, ஒரு டம்ளர், ஒரு தட்டு கழுவிவிட்டு மீதி நேரம் குழாயைப் பார்த்துக்கொண்டு நிற்கிறேன்.

ஆகவே நான் மன்னிப்புக் கேட்டதாக அவளிடம் சொல்லவும். டிரம் வாங்கிவிட்டேன், நீல நிறம், பெரியது. செயலாளர் பதவியையும் வால்வுச் சாவியையும் மட்டும் விடச் சொல்லி வற்புறுத்த வேண்டாம். நான் விட்டால் கடைமடை காய்ந்துவிடும். மற்றபடி அவள் சொன்னது சொன்னபடி. பிள்ளைகளுக்கு என் ஆசிகள், உங்கள் வீட்டாருக்கு என் அன்பு, தோப்பில் காய் நன்றாகப் பிடிக்கட்டும்.

இப்படிக்கு,
முருகையன்,
செயலாளர்.

பின்குறிப்பு: உறையை ஒட்டும் நேரத்தில் வேதநாயகம் சார் வந்து ஒரு நோட்டீஸ் கொடுத்தார். பத்திரத்தில் பெயர் உள்ளவர்தான் சங்க உறுப்பினர், உறுப்பினர்தான் பதவிக்கு வரலாம் என்று பைலாவில் இருக்கிறதாம். ஷேவிங் பாதியில் நின்ற அன்று உட்கார்ந்து முழுவதையும் படித்திருக்கிறார். ஆக, ஏழு மாதமாக நான் யாருமே இல்லை. ஞாயிற்றுக்கிழமை நான் மேலே வால்வுக்கு எண்ணெய் போட்டுக்கொண்டிருந்தபோது கீழே பார்க்கிங்கில் பொதுக்குழு நடந்திருக்கிறது. எட்டாவது ஆளாக உங்கள் அக்காள் வீடியோவில் கலந்துகொண்டாளாம், உங்கள் பம்புசெட் தொட்டியோரம் உட்கார்ந்து தலை துவட்டியபடி. அவள்தான் புதிய செயலாளர். நீங்களும் பக்கத்தில்தான் இருந்தீர்களாம், ஒரு வார்த்தை சொல்லவில்லை, இருக்கட்டும்.

முறையை அவள் நிறுத்தவில்லை, கடைமடைக்கு முதலில் திறக்க வேண்டும் என்று மட்டும் மாற்றியிருக்கிறாள். விசில் கூடாது. சாவியை மூன்று நாளுக்குள் செயலாளரிடம் நேரில் ஒப்படைக்க வேண்டும். எனவே மேலே எழுதியதை எல்லாம் அடித்துவிட்டதாக வைத்துக்கொள்ளுங்கள். அவளை அனுப்ப வேண்டாம், நானே நாளைக் காலை பஸ்ஸில் சாவியோடு வருகிறேன். இந்தக் கடிதத்தையும் கையிலேயே கொண்டுவந்து தருகிறேன், தபாலை நம்ப முடியாது.

நோட்டீஸின் அடியில் அவள் கையெழுத்துப் போட்டு, போட்டோ பிடித்து அனுப்பி, சார் பிரிண்ட் எடுத்திருக்கிறார். எனக்குக் கோபம் வரவில்லை வேம்பு. பதினோரு நாளில் அவளிடமிருந்து எனக்கு வந்த முதல் எழுத்து அது. மடித்துச் சட்டைப் பையில் வைத்திருக்கிறேன்.