காயில்காரர் காட்டிய இரண்டு கதவுகள்

நரகத்துக்குப் போகும் வழியைத் திருப்பத்துக்குத் திருப்பம் சொல்லக்கூடியவர் கோயம்புத்தூரில் ஒரே ஒருவர்தான் இருந்தார். கணபதியில், எங்கள் அலுவலகத்துக்குக் கீழே, மோட்டாருக்குக் காயில் கட்டும் கடை வைத்திருந்தவர். பெயரை யாரும் கேட்டதில்லை. என் டைரியிலும் 'காயில்காரர்' என்றுதான் இருக்கிறது.

"கடவுள் யாரையும் நரகத்துக்கு அனுப்பறதில்லீங்க சார்," என்பார், செம்புக் கம்பியைச் சுற்றிக்கொண்டே. "சொர்க்கம், நரகம்னு ரெண்டு கதவும் தொறந்துதான் கெடக்கும். எதுல நுழையறதுங்கறது நம்ம இஷ்டமுங்க."

புகைந்த மோட்டாரோடு வருகிற எல்லாரிடமும் எந்தக் கதவு என்று கேட்பார். யோசித்துச் சொல்வதாகப் போன ஒரு ஹோட்டல்காரர், மோட்டாரை வாங்கப் பதினொரு நாள் வரவில்லை.

ஒரு செவ்வாய்க்கிழமை நான் கேட்டேன்: "சொர்க்கத்துல உங்க அண்ணன் உக்காந்திருந்தா?"

அண்ணனோடு பேச்சு நின்று பதினான்கு வருடம். மேட்டுப்பாளையம் பக்கம் இருவருக்கும் பொதுவாக ஒரு கிணறு. ஆளுக்கொரு நாள் முறைத் தண்ணீர். இவருடைய நாளில் அண்ணன் அரைமணி நேரம் பாய்ச்சிவிட்டாராம்.

கம்பி சுற்றுவது நின்றது. "அப்ப நான் அடுத்த கதவுல போயிக்கிறேனுங்க."

"அங்க எண்ணெய்ச் சட்டி இருக்குமே?"

"அரைமணி நேரத் தண்ணி போச்சுதுங்களே சார்."

அடுத்த மாதம், அண்ணனுக்கு வரும் வாரம் இருதயத்தில் ஆபரேஷன் என்று தகவல் வந்தது. பிழைப்பது பாதிக்குப் பாதி என்றார்களாம். காயில்காரர் இரண்டு நாள் யாரிடமும் கதவைப் பற்றிக் கேட்கவில்லை. மூன்றாம் நாள் என்னிடம் வந்தார்.

"உங்க ஸ்கூட்டர்ல அண்ணன் தோட்டத்துக்கு ஒரு எட்டு போயிட்டு வந்தரலாமுங்களா? கேட்டோட நின்னு பாத்துப்போட்டு வந்தர்றது. உள்ள போகமாட்டேனுங்க."

பத்து இருபதுக்கு அந்தத் தோட்டத்து கேட்டில் இறங்கினார். பத்து நாற்பத்திரண்டு வரை அங்கேயே நின்றார். கம்பை ஊன்றிக்கொண்டு அண்ணன் வெளியே வந்தார்.

"வா கண்ணு, உள்ள வா," என்றார், ஐம்பத்தாறு வயதுத் தம்பியைப் பார்த்து.

காயில்காரர் என் பக்கம் திரும்பினார். "நீங்களே சொல்லுங்க சார், போலாமுங்களா?"

"உங்க இஷ்டமுங்க."

"ஏனுங்க, நேரம் பாத்து இப்படிச் சொல்லிப்போட்டீங்க," என்று என்னைக் கடிந்துவிட்டு, செருப்பை கேட் பக்கத்திலேயே கழற்றிப் போட்டுவிட்டு உள்ளே போனார்.

வெயில் ஏறியது. உள்ளிருந்து இரண்டு குரல்கள் கேட்டன. சண்டையா சமாதானமா என்று பிரித்தறிய முடியவில்லை. அலுவலகத்துக்குப் போனில் அரைநாள் விடுப்புச் சொல்லிவிட்டு வண்டியிலேயே உட்கார்ந்திருந்தேன். இரண்டே முக்கால் மணி நேரம். ஒருமுறைகூட ஹாரன் அடிக்கவில்லை.