மிச்சம் எல்லாவற்றையும் அணை

உலகத்தில் பிரிக்கிறவர் என்று ஓர் இனம் உண்டு. சொத்தைப் பிரிக்கிறவரைச் சொல்லவில்லை. அவரைக் கோர்ட்டில் போய்ப் பார்த்துக்கொள்ளுங்கள். நான் சொல்லும் ஆசாமி பரம சாது. துவைத்த துணியைக் கொடுத்தால் ஆபீசுக்கு, வீட்டுக்கு, வெளியூருக்கு, சந்தேகம் என்று குவியல் குவியலாகப் போட்டுவிட்டு, வேலை முடிந்த முகத்தோடு எழுந்து போய்விடுவார். மடிப்பது நம் பாடு.

எங்கள் மாப்பிள்ளை இதில் அசல் சரக்கு. அவர் ஆபீசில் ஒரு கூடம் நிறையக் கம்ப்யூட்டர் பெட்டிகள். எல்லாம் கைகோத்துக்கொண்டு கணக்குப் போடுமாம். எந்தப் பெட்டி எந்தக் கூட்டம், பழசா புதுசா என்று ஏதேதோ கோப்புகளில் எழுதிக் கிடக்கிறது. அதைத் தேடிப் படிக்க அலுத்துப்போய் இவரே ஒரு கருவி செய்தார். கையில் பிடிக்கிற சாமான் என்று நினைக்காதீர்கள். கறுப்புத் திரையில் ஒரு வரி தட்டினால், கேட்ட கூட்டத்தை மட்டும் பொறுக்கி வரிசையாகக் கொட்டும். அந்த வரியை எனக்குப் படிக்கத் தெரியாது. படித்த என் மகளுக்கும் தெரியவில்லை. அவ்வளவு புள்ளி, அவ்வளவு கோடு!

அன்றைக்கு விடுமுறை. ஆபீசில் ஏசி மக்கர் செய்கிறது, பழைய பெட்டிகளை உடனே அணைக்க வேண்டும் என்று போன் வந்தது. மாப்பிள்ளை சாப்பாட்டு மேஜையிலேயே மடிக்கணினியைத் திறந்து ஒரு வரி தட்டினார். அணைக்க வேண்டிய பெட்டிகளின் பட்டியல் திரையில் கொட்டியது. மேஜையின் அந்தப் பக்கம் என் மகள். ஆற்றில் வெள்ளம் வந்தால் எந்தத் தெருவை முதலில் காலி செய்வது என்பதற்கு அவள் ஒரு கணக்குப் போடுகிறாள். அது அதே கூடத்தில் ஒரு பெட்டியில் வாரக்கணக்கில் ஓடுகிறது. சாயங்காலம் முடியும், மறுநாள் கொடுத்தாக வேண்டும். நடுவில் அணைத்தால் எல்லாம் முதலிலிருந்து. மழை அதுவரை காத்திருக்குமா?

"என்னங்க, என் பெட்டி அதுல வரலையே?"

"உன்னுதைப் பழசுல நான் எழுதவே இல்லையே."

"பாத்துட்டீங்களா?"

"பாக்கிறதுக்கா கருவி செஞ்சேன்? பாக்காம இருக்கத்தானே செஞ்சேன்!"

நியாயம்தான். ஆனால் என் மகள் என் மகள். எழுந்து வந்து, அணைக்கப் போன அவர் மணிக்கட்டைப் பிடித்தாள்.

"கையை எடுங்க முதல்ல."

"அத்தை, நீங்களே சொல்லுங்க. மெஷின் சொன்னா நம்ப மாட்டேங்கிறா."

"நீங்க சொன்னாலே நம்ப மாட்டா, மாப்பிள்ளை. படிக்கட்டும் விடுங்க."

அவள் மேலிருந்து கீழே விரலை ஓட்டினாள். விரல் ஓரிடத்தில் நின்றது.

"இது யாருது?"

மாப்பிள்ளை கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். அதற்குள் மாறிவிடுமா?

"இது எப்படி வந்துது..."

"நீங்க என்ன கேட்டீங்க?"

"புதுசைத் தவிர மிச்சம் எல்லாம்னு கேட்டேன்."

"என் பெட்டி புதுசுல இருக்கா?"

"இல்ல."

"பழசுல?"

"எதுலயும் இல்ல. உனக்குன்னு ஓரமா எடுத்துக் குடுத்ததுதானே, எங்கயும் எழுதல."

"அப்ப மிச்சத்துல வராம எங்க போகும்?"

மாப்பிள்ளை தான் தட்டிய வரியை இன்னொரு தரம் படித்தார். பிறகு முகம் மலர்ந்தது.

"பாத்தியா! கருவி சரியாத்தான் சொல்லியிருக்கு!"

என் மகள் பார்த்த பார்வைக்கு நான் கருகியிருப்பேன். அவருக்கு ஒன்றும் ஆகவில்லை. அந்த ஒரு பெட்டியை விட்டுவிட்டு மற்றதை அணைத்தார். சாயங்காலம் கணக்கு முடிந்தது. அந்தத் தெருக்காரர்களுக்கு இதெல்லாம் தெரியாது. அவர் திருந்தினாரா? 'எந்தக் கூட்டத்திலும் சேராதவை' என்று புதிதாக ஒரு கூட்டம் ஏற்படுத்தி, அந்தப் பெட்டியை அதில் சேர்த்துவிட்டு, நிம்மதியாகத் தூங்கப் போனார்.

நீங்கள் சிரிக்கிறீர்கள். சிரிக்கும்போதே 'நம்ம ஆபீசில் இந்த வகையில் ஒருத்தர் இருக்கிறார்' என்று ஓர் ஆளைத் தனியாகப் பொறுக்கி வைத்துவிட்டீர்கள், இல்லையா? சரியாகப் பார்த்துத்தான் பொறுக்கினீர்களா? இதே பக்கத்தைப் படித்துவிட்டு அவர் யாரைப் பொறுக்கியிருப்பார் என்றும் கொஞ்சம் விசாரியுங்கள்.